ஒன் பொய்யெல்லாம் முந்தியே சொன்ன ஆளு

குடிய விடுறதுக்கு ஒனக்கு எப்பேர்ப்பட்ட ஸ்பான்சர் வேணும்னு எனக்குத் தெரியும் மருமவனே. தங்கமான மனுசனா இருக்கணும். நீ அழுதா கூடச் சேந்து அழணும். "ஒரே ஒரு கட்டிங்தான் அண்ணாச்சி"ன்னு நீ சொன்னா, "போட்டும் விடு, நாளையில இருந்து பாத்துக்கிடலாம்"னு அவரு சொல்லணும். ராத்திரி ஒம்போது மணிக்கு மேல போனை எடுக்கக் கூடாது. டாஸ்மாக் பத்து மணி வரைக்கும் தெறந்திருக்கும்லா, அந்தக் கடைசி ஒரு மணி நேரம் ஒனக்குத் தொந்தரவு வரப்படாது. வெளியூர்க்காரரா இருந்தா விசேசம். துபாய்ல இருந்தா ரொம்ப விசேசம். அப்படி ஒருத்தரைப் புடிச்சிட்டேன்னு வையி, ஒன் குடிக்கு ஒரு பழுதும் வராது. பெஞ்சாதி கேட்டா "எனக்கு ஸ்பான்சர் இருக்காரு"ன்னு நெஞ்சை நிமித்திச் சொல்லிக்கிடலாம். அவளும் பாவம், அது ஏதோ புது மருந்துன்னு நெனச்சுக்கிடுவா.

ஆஸ்பத்திரியில இருந்து டிஸ்சார்ஜ் பண்ணும்போது அந்தக் கவுன்சிலிங் கொடுக்க புள்ள, "ஏஏ மீட்டிங்குக்கு, அதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்னு குடிகாரங்க ஒருத்தருக்கொருத்தர் தொணையா நின்னு குடிய விடுத கூட்டத்துக்குப் போங்க, ஒங்களுக்கு முந்தியே விட்டவரு ஒருத்தரை வழிகாட்டியா, ஸ்பான்சரா, சீக்கிரமாப் புடிங்க"ன்னு சொன்னதும் நேரா எங்கிட்ட வந்து நிக்கே. "மாமா, நீங்களும் அங்க போறவியதான, நீங்களே இருந்துருங்களேன்"னு கேக்கே. புத்திசாலிலே நீ. ஆஸ்பத்திரிச் சோறு வீண் போகல. நான் ஒங்கம்மைக்குத் தம்பி. நாளைக்கி நீ மறுபடியும் குடிச்சிட்டா அவ அழுதுக்கிட்டு எங்கிட்டத்தான் வருவா. நான் ஒண்ணு ஒன்னை அடிப்பேன், இல்லைன்னா ஒனக்காக அவகிட்டப் பொய் சொல்லுவேன். ரெண்டும் ஸ்பான்சர் சோலி கெடையாது. சொந்தத்துக்குள்ள பொண்ணு எடுக்கலாம், ஸ்பான்சர் எடுக்கக் கூடாது.

இன்னொண்ணு கேட்டுக்கோ. ஒனக்கு வேண்டியது நல்லவனே இல்ல. நல்லவனுக்கு ஒன் பொய் விளங்காது. ஒங்கம்மை நல்லவ, எத்தனை வருசம் ஏமாந்தா! டாக்டர் நல்லவரு. "எப்பயாச்சும் கொஞ்சம் சார்"னு நீ சொன்னதை அப்படியே சீட்டுல எழுதிக்கிட்டாரு. நீ சொல்லப்போற பொய்யை ஒனக்கு முந்தியே, ஒன்னை விட நல்லாச் சொன்ன ஆளு ஒருத்தரு வேணும். "மில்லுல ஓவர்டைம்"னு நீ வாயைத் தெறக்கும்போதே, "நானும் அந்த மில்லுல ரொம்ப வருசம் ஓவர்டைம் பாத்தவன்தாம் தம்பி, அது எந்தச் சந்துக்குள்ள இருக்குன்னு எனக்குத் தெரியும்"னு சிரிக்கணும் அந்த மனுசன்.

இந்த ஸ்பான்சர் ஏற்பாடு நம்ம ஊருக்காரன் கண்டுபுடிச்சதுன்னு நெனைச்சிராத. அமெரிக்காவுல ஒஹையோ பக்கம் ஆக்ரான்னு ஒரு ஊரு, அப்ப டயர் கம்பெனிக நெறஞ்சிருந்த ஊரு. 1935-ல மே மாசம் அங்க நியூயார்க்ல இருந்து பில் வில்சன்னு ஒரு ஷேர் மார்க்கெட் ஆளு வந்தாரு. ஒரு கம்பெனியைக் கையில எடுக்கலாம்னு வந்த சோலி கவுந்து போச்சு. கையில துட்டு இல்ல, கூட ஆளு இல்ல, சனிக்கெழமை சாயங்காலம் வேற. மேஃபிளவர்னு ஒரு ஓட்டல். முன்னால ஹால்ல நிக்காரு. ஒரு பக்கம் ஓட்டல் பாரு, உள்ள சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோனு. குடிய விட்டு அவருக்கு அப்ப அஞ்சு மாசந்தான் ஆச்சு.

ஒன்னை அங்க நிப்பாட்டியிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு நான் கேக்கல. கேக்க வேண்டிய தேவையும் இல்ல.

அந்த மனுசன் போனைப் பாத்துப் போனாரு. அங்க மாட்டியிருந்த சர்ச்சு லிஸ்ட்டைப் பாத்து ஒரு பாதிரியாருக்கு அடிச்சு, அவரு கொடுத்த பேருக்கெல்லாம் அடிச்சு, கடைசியில ஹென்ரியட்டா சைபர்லிங்னு ஒரு அம்மாகிட்ட வந்து சேந்தாரு. என்ன கேட்டாரு தெரியுமா? "என்னைக் காப்பாத்துங்க"ன்னு கேக்கல. "இந்த ஊருல எவனாவது குடிகாரன் இருந்தா காட்டுங்க, நான் அவங்கூடப் பேசணும்"னு கேட்டாரு. அந்த அம்மாவுக்குத் தெரிஞ்ச ஒரு ஆபரேசன் டாக்டர் இருந்தாரு, பாப் ஸ்மித்துன்னு பேரு. உடனே அவரு வீட்டுக்குப் போன் போட்டா, ஆளு வர்ற மாதிரி இல்ல. மறுநா அன்னையர் தினம். அதுக்குப் பெஞ்சாதிக்குன்னு ஒரு பூந்தொட்டி வாங்கிக்கிட்டு வந்தாரு டாக்டர். தொட்டி ஒழுங்கா வீடு வந்து சேந்துருச்சு, அவருதான் சுருண்டு கெடந்தாரு. மறுநா சாயங்காலம் அஞ்சு மணிக்கு, கை நடுங்க, மூஞ்சி வெளிற வந்தவரு, "பதினஞ்சு நிமிசந்தான் இருப்பேன்"னு கண்டிசன் போட்டுட்டு உக்காந்தாரு. எந்திரிக்கும்போது ராத்திரி பதினொண்ணு தாண்டிருச்சு.

பதினஞ்சு நிமிசம் எப்படி ஆறு மணி நேரம் ஆச்சு? அதுவரைக்கும் டாக்டருக்குப் புத்தி சொன்னவன் எல்லாரும் குடிக்காதவன். டாக்டருக்கே மருத்துவம் தெரியும், குடிச்சா ஈரல் போகும்னு ஒரு கம்பவுண்டர் வந்து சொல்லணுமா? பில்லு ஒரு புத்தியும் சொல்லல. தான் எப்படிக் குடிச்சேன், எங்க ஒளிச்சு வச்சேன், என்னென்ன சத்தியம் பண்ணி எப்ப எப்ப மீறுனேன்னு தன் கதையைத்தான் சொன்னாரு. டாக்டர் கேட்டுக்கிட்டே இருந்தாரு, அது தன் கதையா இருந்ததுனால.

ஒடனே டாக்டர் திருந்திட்டாருன்னு நெனைக்காத. அடுத்த மாசமே டாக்டர்மாரு மாநாடுன்னு அட்லாண்டிக் சிட்டிக்கு ரயிலேறி, போற வழியில ஆரம்பிச்சு, முழுத் தண்ணியில திரும்பி வந்தாரு. அப்ப பில்லு அவரு வீட்லயே தங்கியிருக்காரு. ரெண்டு மூணு நா கழிச்சு ஒரு ஆபரேசன் இருக்கு, டாக்டர் கை நிக்கல. ஆபரேசன் அன்னைக்கிக் காலையில கை நடுக்கம் அடங்குறதுக்குன்னு ஒரு பாட்டில் பீரைக் கொடுத்து அனுப்பிவச்சதே அந்தப் பில்லுதான். அதுதான் டாக்டரோட கடைசிக் குடி. ஏஏ கணக்குப்படி 1935 ஜூன் 10. அந்தத் தேதியைத்தான் ஏஏ பொறந்த நாளுன்னு உலகம் பூராக் கொண்டாடுதாவ. என்ன, பீருன்னதும் காது ரெண்டும் நிமிந்துட்டு? நீ என்னைக்கு அடுத்தவன் வயித்தைக் கிழிச்சு ஆபரேசன் பண்ணப் போறியோ, அன்னைக்கி ஒன் ஸ்பான்சர்கிட்டக் கேட்டுப் பாரு.

இதுல சூட்சுமம் எங்க இருக்குன்னா, பில்லு டாக்டரைத் தேடிப் போனது டாக்டருக்காக இல்ல. அந்த அஞ்சு மாசத்துல நியூயார்க்ல எத்தனையோ குடிகாரங்கிட்டப் போய்ப் பேசிப் பாத்தாரு, ஒருத்தனும் திருந்தல. வெறுத்துப்போய் இருந்தப்ப அவரு வீட்டுக்காரி லோயிஸ்தான் சொன்னாளாம், அவனுவ திருந்தலைன்னா என்ன, நீ குடிக்காம இருக்கேலான்னு. அதனால நீ ஒரு ஆளுகிட்டப் போயி, "அண்ணாச்சி, எனக்கு ஸ்பான்சரா இருப்பியளா"ன்னு கேக்கும்போது, கடன் கேக்கப் போனவன் கணக்காத் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நிக்காத. அவருக்கும் நீ வேணும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒங்கூடப் பேசுத அந்த நேரம் அவரும் குடிக்காம இருக்காருலா. அதனாலதான் துட்டு வாங்கமாட்டாரு. துட்டு கேட்டாருன்னா எந்திரிச்சு வந்துரு, அவரு ஸ்பான்சரே இல்ல.

ஏஏ நம்ம நாட்டுக்கு வந்தது 1957-ல, டில்லியில. இங்க நம்ம பக்கம் கோயில் ஹால்லயும் பள்ளிக்கூடத்து ரூம்லயும் நடக்கு. பீசு கெடையாது, ரிஜிஸ்தர் கெடையாது. கடைசியில பை ஒண்ணு சுத்தி வரும், இருந்தாப் போடு, இல்லைன்னா அடுத்தவங்கிட்டத் தள்ளிவிடு. வெளியாளு லட்சம் கொடுத்தாலும் வாங்கமாட்டாவ. உள்ள வாறதுக்கு ஒரே ஒரு தகுதிதான், குடிய விடணும்ங்கிற ஆசை. விட்டிருக்கணும்னுகூட இல்ல, ஆசை இருந்தாப் போதும். ரேசன் கார்டுக்கு இதைவிட ஆதாரம் கேக்கான்.

நீ மறுபடியும் அந்த மீட்டிங்குக்குப் போக மாட்டேங்கிறதுக்குச் சொல்லுத காரணம் இருக்கே, அதைக் கேட்டுத்தான் எனக்கு ரெண்டு நாளாச் சிரிப்பு அடங்கல. "மானம் போயிருமே மாமா, யாராச்சும் பாத்துட்டா"ங்கிற. ஏலே, போன கொடைக்கு வில்லுப்பாட்டு மேடைக்கு முன்னால வேட்டி இல்லாமப் படுத்துக் கெடந்தது யாரு, உங்க தாத்தாவா? நீ குடிக்கது ஊருக்கே தெரியும். பஞ்சாயத்து நாய்க்குத் தெரியும். நீ குடிய விட்டது தெரிஞ்சாத்தான் மானம் போகுமாக்கும். அங்க பேரு சொல்லி அறிமுகம் பண்ணுவாவ, "நான் ஒரு குடிநோயாளி"ம்பாவ. அங்க பேசுனது அந்த ஹாலுக்கு வெளிய வராது. உள்ள இருக்கவன் எல்லாம் ஒன்னைப் போல மானம் போயிருமேன்னு பயந்து வந்தவந்தான்.

அடுத்து நீ கேட்டது இன்னும் அழகு. "மீட்டிங்குக்கு வார அந்த டீக்கடைக்கார அண்ணாச்சி நல்லாப் பேசுதாரு, ஆனா அவரு நம்மாளா?"ன்னு மெதுவாக் காதுல கேட்டே. டாஸ்மாக் பொறத்தால இருக்க பார்ல, எவனோ குடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் கிளாசை எடுத்து, தண்ணி ஊத்திக்கூடக் கழுவாம, பக்கத்துல நின்னவன்கூட ஒரு குவார்ட்டரை ரெண்டாப் பங்கு போட்டியே, அப்ப அவன் பாட்டன் பூட்டன் பேரு விசாரிச்சியா? நூத்தியெண்பது மில்லியைத் தொண்ணூறு தொண்ணூறாப் பிரிக்கும்போது இல்லாத சாதி, குடிய விடுறதுக்கு மட்டும் வந்து முன்னால நிக்கு. படிப்பும் பாக்காத. பேங்கு மேனேசருக்கு வாட்ச்மேன் ஸ்பான்சரா இருந்ததை நான் பாத்திருக்கேன். மேனேசரு "சரிங்கண்ணாச்சி, சரிங்கண்ணாச்சி"ன்னு போன்ல பேசுதது கேக்க அவ்வளவு நல்லாருக்கும்.

பாக்க வேண்டியது வேற. மொதல்ல வாயை மூடிக்கிட்டு நாலஞ்சு மீட்டிங் உக்காரு. யாரு எப்படிப் பேசுதான்னு கேளு. தன் கதையில "என் பெஞ்சாதி சரியில்ல, அதனால குடிச்சேன்"னு இன்னமும் சொல்லுதவன் இருப்பான், அவனைத் தாண்டிப் போ. குடிச்ச கதையை மட்டும் சினிமாக் கணக்கா விரிச்சுச் சொல்லி, விட்ட கதைக்கு வரும்போது "அப்புறம் விட்டுட்டேன்"னு முடிக்கிறவன் ஒருத்தன் இருப்பான், அவனையும் தாண்டு. தன்னைப் பாத்துத் தானே சிரிக்கிறவரு ஒருத்தரு இருப்பாரு. கூட்டம் தொடங்குறதுக்கு முன்ன நாற்காலி எடுத்துப் போட்டுட்டு, முடிஞ்ச பொறவு டீ கிளாசைக் கழுவி வைப்பாரு. அவரு பக்கத்துல போய் உக்காரு. ஒரு வருசமாச்சும் குடிக்காம இருந்தவரா இருக்கட்டும்னு பெரியவிய சொல்லுவாவ. சட்டம் ஒண்ணும் கெடையாது, ஆனா நியாயமான பேச்சு. வருசத்தை மட்டும் எண்ணிக்கிட்டு மீட்டிங் பக்கமே தலை காட்டாதவரும் உண்டு, அவரு வருசம் அவருகிட்டயே இருக்கட்டும். அப்புறம் ஒண்ணு கேளு, "ஒங்க ஸ்பான்சர் யாரு அண்ணாச்சி"ன்னு. "எனக்கு எதுக்குல ஸ்பான்சர்"னு சொன்னாருன்னா, ஒரு டீயைக் குடிச்சிட்டுக் கெளம்பிரு.

ஆம்பிளைக்கு ஆம்பிளை, பொம்பளைக்குப் பொம்பளை. இது வழக்கம். இதுக்கு விளக்கம் ஒனக்கு வேண்டாம். அந்தப் பக்கத்து ஊரு டீச்சரம்மா ரொம்ப உருக்கமாப் பேசுனாங்கன்னு நீ ஆரம்பிக்கும்போதே எனக்குத் தெரியும்.

கேட்டதும் அவரு சரின்னு சொல்லணும்னு கட்டாயம் இல்ல. "ஏற்கெனவே மூணு பேரைப் பாக்கேன் தம்பி, நேரம் இல்ல"ம்பாரு. ஒடனே மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு, "ஸ்பான்சரே என்னை வேண்டாம்னுட்டாரு"ன்னு அதையே சாக்கா வச்சுக் கடைப்பக்கம் திரும்பிராத. ஒன் கல்யாணத்துக்கு எத்தனை எடத்துல பொண்ணு இல்லைன்னாவ, நீ விட்டியா?

எங்கப்பா, அதான் ஒன் தாத்தா, பனையேறி. காலையிலயும் சாயங்காலமும் ஏறுவாரு. கலயத்துக்குள்ள சுண்ணாம்பைத் தடவிப் பாளையில கட்டுனா எறங்குறது பதனி. தடவாமக் கட்டுனா அது கள்ளு. மரம் ஒண்ணு, பாளை ஒண்ணு, ஏறுற ஆளும் ஒண்ணு. நேத்து தடவுன சுண்ணாம்பு இன்னைக்கிக் காணாது, ஒவ்வொரு தடவையும் புதுசாத் தடவணும். ஸ்பான்சர் செய்யுத சோலி அம்புட்டுத்தான் மருமவனே. ஒன்னை வேற மரமா மாத்திருவாருன்னு நெனைக்காத. நீ அதே பனைதான், பொழுதுக்கும் சொட்டிக்கிட்டுத்தான் இருப்பே. (கள்ளு எறக்குனா இந்த ஊருல கேசு. குவார்ட்டர் வித்தா சர்க்கார் சம்பளம், 2003-ல இருந்து சில்லறைக் கடையும் அவியளே நடத்துதாவ. அந்த ஞாயத்தைப் பேச இன்னொரு நா வா.) அதனாலதான் தெனமும் போன் பண்ணுன்னு சொல்லுதாவ. மாலை போட்டு நாப்பத்தெட்டு நாளு சுத்தபத்தமா இருந்துட்டு, மலையெறங்கி மாலையைக் கழட்டுன அன்னைக்கே கடை வாசல்ல நிக்கானே நம்ம தெருப்பய, அவனுக்குச் சாமி மேல பக்தி இல்லைன்னா சொல்லுத? சுண்ணாம்பு தீந்துபோச்சு, அவ்வளவுதான்.

போன் விசயத்துல ஒன் தெறமையை நான் அறிவேன். சார்ஜ் இல்ல, டவர் இல்ல, பேலன்ஸ் இல்ல. பேலன்ஸ் இல்லாமலேதான் பாட்டிலுக்கு அன்னாடம் நூத்தி எவ்வளவோ பொறக்குது. காலையில "இனிய காலை வணக்கம்"னு ரோசாப்பூப் படத்தை வாட்ஸப்புல அனுப்பிட்டுப் பேசிட்டேன்னு கணக்கு எழுதாத. ரோசாப்பூவுக்கு வாய் நாறாது. கொரலைக் கேட்டாத்தான் அவருக்குத் தெரியும். அதோட, குடிச்ச பொறவு போன் பண்ணி "அண்ணாச்சி, தப்புப் பண்ணிட்டேன்"னு ஒப்பாரி வைக்கிறது பெரிய காரியம் இல்ல, அதைக் குடிச்சவன் எவனும் செய்வான். குடிக்கிறதுக்கு முந்தி பண்ணு. கடை மதியம் பன்னெண்டுக்குத்தான் தெறக்கான், அதுக்குள்ள ஒரு போன் பண்ண ஒனக்கு முடியாதாக்கும்?

நீ போன்ல, "அண்ணாச்சி, மனசு சரியில்ல, வாழ்க்கையே வெறுத்துப்போச்சு, கையெல்லாம் பரபரங்குது"ன்னு பெருசா ஆரம்பிப்ப. அவரு கேக்கப் போற மொதக் கேள்வி என்ன தெரியுமா? "சாப்பிட்டியா?" அவ்வளவுதான். நீ நொந்துபோயிருவ. நம்ம துக்கம் என்ன, இந்த ஆளு கேக்குத கேள்வி என்னன்னு இருக்கும். பசி, கோவம், தனிமை, அசதி. இந்த நாலுல ஒண்ணு இருக்கும்போதுதான் குடிக்கணும்னு தோணும்ங்கிறது அங்க பழகுனவனுக்கு எல்லாம் தெரியும். பாதி நேரம் ரெண்டு இட்லியில தீருத சங்கதியை நீ வாழ்க்கைத் தத்துவமா ஆக்கிக்கிட்டு இருப்ப. சாப்பிட்டாச்சுன்னா அடுத்து "யாருமேல கோவம்?"னு கேப்பாரு. பதில் சொல்லு. அது நானா இருந்தாலும் சொல்லு.

கொடை வருது, துட்டி வருது, கல்யாணம் வருது. இந்த மூணுக்கும் போகாம இருக்க முடியாது, இந்த மூணுலயும் பாட்டில் இல்லாம இருக்காது. முந்துன நாளே ஒன் ஸ்பான்சர் அண்ணாச்சிகிட்டச் சொல்லு. எப்பப் போறே, யாருகூடப் போறே, எத்தனை மணிக்கு எந்திரிச்சு வருவேன்னு. பந்தல்ல உக்காந்ததும் கையில ஒரு கலர் பாட்டிலை வாங்கி வச்சுக்கோ. காலிக் கைன்னாத்தான் எவனாச்சும் கிளாசைத் திணிப்பான். "ஒரு வாய் குடிச்சா ஒண்ணும் ஆகாது மச்சான்"னு ஒருத்தன் வருவான் பாரு, அவன் நீ ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ஒரு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கிட்டு வந்தானான்னு மட்டும் யோசி.

இந்த ஏஏ-ல 12 படி இருக்கு. மொத மூணு படி, நம்மால ஆகலைன்னு ஒத்துக்கிட்டு, நம்மளைவிடப் பெருசா ஒண்ணுகிட்ட ஒப்படைக்கிறது. அது முருகனா, மாதாவா, அந்தக் கூட்டமேவான்னு நீ பாத்துக்கோ, எவனும் கேக்கமாட்டான். நாலாவது படியிலதான் நம்மாளுங்க காணாமப் போவாவ. ஒரு நோட்டு வாங்கி, நீ பண்ணுன வண்டவாளத்தை எல்லாம் உள்ளது உள்ளபடி எழுதணும். நீ எழுதுனா எப்படி எழுதுவேன்னு இங்க உக்காந்தே சொல்லுவேன். மொதப் பக்கம் பூரா அடுத்தவன் ஒனக்குப் பண்ணுன துரோகம். ரெண்டாம் பக்கம் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. ஒன் பேரு நாப்பதாம் பக்கத்துல, அதுவும் "ஏமாந்தவன்"னு. அண்ணாச்சி அந்த நோட்டை வாங்கிப் பாத்துட்டு, "நல்லாருக்கு தம்பி, ஒங்க ஊருக்காரங்க எல்லாரைப் பத்தியும் தெரிஞ்சுக்கிட்டேன், இனி ஒன்னைப் பத்தி எழுது"ம்பாரு. கோவப்படாத. அவரோட மொத நோட்டும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அஞ்சாவது படி, எழுதுனதை இன்னொரு மனுசங்கிட்ட வாய் தெறந்து சொல்லுறது. இதுக்குப் பயந்து, உத்தியோகம் மாறிப் போனவன் உண்டு. நீ உள்ளுக்குள்ள வச்சுப் புழுங்கிக்கிட்டிருக்க ஒண்ணு இருக்கும், இதை மட்டும் சொல்லவே கூடாதுன்னு. அதையும் சொல்லு. பூமி பொளந்துரும்னு நெனைப்ப. அவரு வெத்தலையை மடிச்சுக்கிட்டே, "இவ்வளவுதானா, நான் பண்ணுனதைச் சொல்லட்டுமா"ம்பாரு. சொல்லவும் செய்வாரு. கேட்டா ஒனக்கு ராத்திரித் தூக்கம் வரும், ரொம்ப நாளைக்கி அப்புறம்.

அவரு யாரு இல்லைங்கிறதையும் தெரிஞ்சுக்கோ. அவரு டாக்டர் இல்ல. ரொம்ப வருசம் அன்னாடம் குடிச்சவன் படக்குன்னு நிப்பாட்டுனா ரெண்டு மூணு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், இல்லாத பூச்சியெல்லாம் கண்ணுல தெரியலாம், உசுருக்கே மோசம். அதுக்கு ஆஸ்பத்திரிதான், அண்ணாச்சி இல்ல. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிப்பாட்டுன்னு எந்த ஸ்பான்சராவது சொன்னாருன்னா, அவருகிட்ட இருந்து நீ நின்னுக்கோ. செவத்துல ஒட்டியிருக்கானே, "அவருக்குத் தெரியாமலே சோத்துல கலந்து கொடுங்க, குடி மறக்கும்"னு, அந்த நம்பரை ஒன் பெஞ்சாதி குறிச்சு வச்சிருந்தா மொத வேலையா அதைக் கிழிச்சுப் போடச் சொல்லு. சென்னையில சாந்தி ரங்கநாதன்னு ஒரு அம்மா, வீட்டுக்காரரைக் குடிக்குப் பறிகொடுத்த பொறவு, 1980-ல குடிநோய்க்குன்னு ஒரு அமைப்பைத் தொடங்குனாவ. 1992-ல பத்மஸ்ரீ கொடுத்தாவ. வைத்தியம்னா அந்த மாதிரி எடத்துல, முகத்தைப் பாத்துச் செய்யுதது.

கடன் கேக்கப் படாது. அவரு வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகவும் படாது. ஒன்னை வச்சுச் சோலி வாங்குதவரு, ஒன் குடும்பச் சண்டைக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லுதவரு, தன்னைக் கேக்காமத் தும்மாதேங்கிறவரு, அவியள்கிட்ட இருந்தெல்லாம் நாசூக்கா வெலகிரு. ஸ்பான்சரை மாத்துறது பாவம் இல்ல. ஆனா முகத்துக்கு நேரா சொல்லிட்டு மாத்து. "நேத்து நான் குடிச்சதை நீங்க கண்டுபுடிச்சிட்டியள்"ங்கிறது மட்டும் மாத்துறதுக்குக் காரணம் ஆகாது.

சாமியாராவும் ஆக்கிராத அவரை. பில்லுக்கு மொதமொதல்ல வழி காட்டுனது எபி தாச்சர்னு ஒரு பழைய கூட்டாளி. 1934 நவம்பர்ல வீட்டுக்கு வந்தவனுக்கு, பில்லு அன்னாசிச் சாறுல ஜின்னை ஊத்தி நீட்டுனா, "வேண்டாம்"னுட்டான். அந்த "வேண்டாம்"லதான் பில்லு ஆடிப்போனாரு. கடைசி வரைக்கும் "எபிதான் என் ஸ்பான்சர்"னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. ஆனா அந்த எபி பின்னால எத்தனையோ தடவை மறுபடியும் குடிச்சு விழுந்து எந்திரிச்சான். பில்லு 1971-ல சாகுத வரைக்கும் ஒரு சொட்டுத் தொடல. அண்ணாச்சி விழுந்தா நானும் விழுந்துருவேன்னு நீ கணக்குப் போட வேண்டாம். அவரைக் கும்பிடவும் வேண்டாம். அவரு நம்பரைப் பத்திரமா வச்சிருந்தாப் போதும்.

பெஞ்சாதியைக் கொண்டுபோய் அவருகிட்ட நிறுத்தி, "இவளுக்கும் நாலு வார்த்தை சொல்லுங்க"ன்னு கேக்காத. வீட்டாளுகளுக்குன்னே அல்-அனான்னு தனியா ஒண்ணு இருக்கு, அந்தப் பில்லு வீட்டுக்காரி லோயிஸும் கூட்டாளி அம்மா ஒருத்தியும் 1951-ல ஆரம்பிச்சது. அங்க போனா அவளுக்கும் அவ பொலம்பலைக் கேக்க ஆளு கெடைக்கும். அவ ஒன்னைப் பத்தி அங்க என்ன சொல்லுதாங்கிறதை நீ விசாரிக்கப் படாது.

எட்டாம் படிக்கு வரும்போது என்னை நெனைச்சுக்கோ. ஒன்னால கெட்டவிய பேரையெல்லாம் லிஸ்ட் போடணும். ஒம்போதாவதுல ஒவ்வொருத்தரா நேருல போயி, பட்ட கடனை அடைக்கணும். நீ போறதுனால அவியளுக்கு இன்னும் கெடுதல் வரும்னா மட்டும் போகப் படாது, எது எதுன்னு அண்ணாச்சிகிட்டக் கேட்டுக்கோ, நீயா முடிவு பண்ணுனா எல்லாமே கெடுதல்னு எழுதிருவ. லிஸ்ட்ல மொதப் பேரு ஒன் பெஞ்சாதி. ரெண்டாவது ஒங்கம்மை. மூணாவது எம்பேரை எழுதுனாப் போதும், நான் ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டேன். பச்சைக் கலர் சைக்கிள், டைனமோ வச்சது, பொறத்தால பெரிய கேரியர். தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் யாருகிட்டயோ வித்தேன்னு ஒன் கூட்டாளி சொன்னான். மன்னிப்பை நீ மெதுவாக் கேக்கலாம். சைக்கிளை ஆவணிக்குள்ள கொண்டுவந்துரு, எனக்கு மில்லுக்கு மாவு அரைக்கப் போகணும்.